யார் திறக்கலாம்

பெரம்பலூர்
8-12-2024

அன்புத் தம்பி சின்னப்பராஜுக்கு,

அண்ணன் வைரக்கண்ணு எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். மகள் கவியா திருச்சியில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. உனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? உன் மனைவி செல்வி இன்னும் பஸ்ஸில்தான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறாளா?

நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய்.

வரும் ஜூன் முப்பதோடு நான் ஓய்வு பெறுகிறேன். உன்னைப் பற்றிச் செல்வியின் அண்ணன் மகள் அனிதா மேரி சொன்னாள். பதினோரு பங்குக் கோயில்களின் பழைய பதிவுப் புத்தகங்களை எல்லாம் அரியலூரில் ஒரே அறையில் சேர்த்திருப்பதாகவும், இனி அவற்றை எப்படிப் பராமரிப்பது என்று திட்டம் தயாரிக்கும் பொறுப்பு உன்னிடம் இருப்பதாகவும் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. உன் படிப்புக்கு ஏற்ற வேலை.

கோப்புகளோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா? வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடுவது நல்லது. அவர்களே எடுத்துப் போய், படம் எடுத்து, கணினியில் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சீக்கிரமே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
வைரக்கண்ணு


அரியலூர்
19-12-2024

அண்ணனுக்கு,

சின்னப்பராஜ். உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. அண்ணியும் கவியாவும் நலம் என்றறிந்தேன்.

போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேசியதை மறுநாள் மறுத்துவிடலாம். எழுதினால் முடியாது. ஆகவே எழுதுங்கள்.

அம்மா இறந்து ஐந்து வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து வரும் முதல் கடிதத்தில் என் சர்க்கரையை விசாரித்திருக்கிறீர்கள், என் புத்தகங்களை விசாரித்திருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பெரிய மகன் முதல் பிடி மண் போட வேண்டும். நீங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றீர்கள். மண்ணை நான் போட்டேன். அது நினைவில் இருக்கிறதல்லவா?

கேட்டதற்குப் பதில். புத்தகங்கள் மொத்தம் எழுபத்து நான்கு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று வகை. பழையது 1887. எங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. சென்னை நிறுவனம் ஒன்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் போய் ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. இல்லையென்றால் நாமே ஒரு ஸ்கேனர் வாங்கி, இரண்டு பெண்களை வைத்து, புத்தகம் ஒன்றுகூட அறையை விட்டு வெளியேறாமல் மூன்று வருஷத்தில் முடிக்கலாம். அதுவும் இல்லையென்றால் இரும்பு அலமாரி, கற்பூர உருண்டை, புத்தக வரிசைக்கு ஒரு பட்டியல் என்று இருப்பதை ஒழுங்குபடுத்திவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே பொறுப்பில் இருக்கும் ஃபாதர் லியோ பிரபு மார்ச் கடைசிக்குள் என் அறிக்கையைக் கேட்டிருக்கிறார். நான் இரண்டாவது வழியைத்தான் சொல்லப் போகிறேன். நூற்று முப்பது வருஷம் வெளியே போகாத புத்தகம், ஓர் ஒப்பந்தத்தாளை நம்பிப் போகக் கூடாது. இது ஆவணப் பராமரிப்பின் அரிச்சுவடி.

ஆனால் ஒன்று. அதை ஏன் நீங்கள் "சீக்கிரமே" கொடுக்கச் சொல்கிறீர்கள்?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

சின்னப்பராஜ்


பெரம்பலூர்
30-12-2024

அன்புத் தம்பிக்கு,

நலம். பண்டிகைக்கு உன் வீட்டுப் பலகாரம் வராதது அண்ணிக்குக் குறை. செல்விக்கு முட்டிவலி என்று அனிதா சொன்னாள். தைலம் அனுப்பட்டுமா?

போனில் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எழுதக் கூடாததை எழுதச் சொல்கிறாய். சரி.

நவம்பரில் என் மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. நான் பிறந்தபோதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன், ஆரோக்கியசாமி என்ற பெயர் உடையவன், அதை மறைத்து இந்து என்று சான்றிதழ் வாங்கி எஸ்.சி. இடத்தில் வேலையில் சேர்ந்தவன் என்று அதில் இருக்கிறது. விசாரணை ஆரம்பித்துவிட்டார்கள். கோயிலுக்குக் கடிதம் எழுதி அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்பார்கள். பிப்ரவரி வாக்கில் அது உன் மேசைக்கு வரும்.

நகல் கிடைத்துவிட்டால் ஜூன் முப்பதாம் தேதி எனக்கு மாலை கிடைக்காது. சஸ்பெண்ட் உத்தரவுதான் கிடைக்கும். பென்ஷன் நின்றுவிடும். கவியாவின் சான்றிதழையும் தோண்டுவார்கள். புத்தகம் சென்னையில் இருந்தால், "இங்கே இல்லை" என்று நீ எழுதுவது பொய் ஆகாது. ஜூன் தாண்டிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

அவ்வளவுதான் தம்பி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்
வைரக்கண்ணு


அரியலூர்
27-1-2025

அண்ணனுக்கு,

பதில் தாமதம். இங்கே செல்விக்கு முட்டிவலி தேவலை. தைலம் வேண்டாம். எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அது உங்களால் இல்லை.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

நீங்கள் பள்ளியில் சேர்ந்தது எழுபதில். ஒன்றியப் பள்ளிக்கூட வாத்தியார் அப்பாவிடம், "இந்துன்னு போட்டுக்கறேன், பேரையும் மாத்திக்கறேன், பையனுக்கு ஹாஸ்டல் கெடைக்கும்" என்றாராம். அப்பா தலையாட்டினார். ஆறு வருஷம் கழித்து என்னைச் சேர்க்கும்போது கோயில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. சாமியார், பையனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டாம் என்றார். அப்பா அதற்கும் தலையாட்டினார். ஆரோக்கியசாமி வைரக்கண்ணு ஆனார். சின்னப்பராஜ் சின்னப்பராஜாகவே இருந்தான். ஒரே கூரையின் கீழ் நீங்கள் எஸ்.சி., கிறிஸ்தவன் என்பதால் நான் பி.சி.

தொண்ணூற்றேழில் அரசு நூலகர் வேலைக்கு நேர்முகம் வரை போனேன். இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. உங்கள் பட்டியலில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அந்த ஒதுக்கீட்டை நான் குறை சொல்லவில்லை. அது எனக்கும் உரியது என்கிறேன். டீக்கடையில் தனி டம்ளர் கொடுத்தவன் உங்கள் பெயரையும் என் பெயரையும் விசாரித்துவிட்டா கொடுத்தான்? நீங்கள் அரசு ஜீப்பில் போனீர்கள். நான் எம்.ஏ.வும் நூலக அறிவியலும் படித்துவிட்டு இருபத்தாறு வருஷம் கோயில் அலுவலகத்தில் ரசீது எழுதினேன். ஒரு நாளாவது, "உனக்குச் சேர வேண்டியதும் சேர்ந்துதான் எனக்கு வந்ததுடா" என்று நீங்கள் சொன்னதில்லை.

இப்போது என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நல்ல வேலை வந்திருக்கிறது. அதையும் உங்கள் வசதிக்குத் தகுந்தபடி தவறாகச் செய்யச் சொல்கிறீர்கள்.

அந்த மொட்டைக் கடிதத்தை யார் எழுதியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

சின்னப்பராஜ்


பெரம்பலூர்
10-2-2025

அன்புத் தம்பிக்கு,

ரத்த அழுத்தம் என்று எழுதியிருந்தாய். மாத்திரையைத் தவறாமல் போடு. உப்பைக் குறை. ஊறுகாயைத் தொடாதே. உனக்கு அது பிடிக்கும் என்று தெரியும்.

நீ எழுதியதெல்லாம் உண்மை. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

புளியமரத்தடியில் நின்றதைக் கேட்டாய். அம்மா போவதற்கு ஒரு மாதம் முன்பு இருட்டுகிற நேரமாகப் பார்த்து வந்து பார்த்தேன். வழக்கமாக அந்த நேரத்தில்தான் வருவேன், உனக்குத் தெரியும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "நான் செத்தா நீ உள்ள வராதடா. ஒங்க ஆபீஸ் ஆளுவ மாலையத் தூக்கிக்கிட்டு வருவாங்க, எவனாச்சும் போட்டோ புடிப்பான். வெளியவே நில்லு. சின்னவன் போடட்டும் மண்ண. அவன்ட்ட சொல்லாத, அவன் சண்ட புடிப்பான்."

சொல்லாதே என்றதால் சொல்லவில்லை. ஆபீஸிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள்.

முப்பத்திரண்டு வருஷமாகப் பகலில் நான் எந்த மாதா கோயிலுக்குள்ளும் போனதில்லை. என் கல்யாணம் வாலிகண்டபுரத்தில் சிவன் சந்நிதியில் நடந்தபோது அம்மா பின்வரிசையில், யாரோ வேலைக்காரப் பெண்மணி போல உட்கார்ந்திருந்தாள். ஜீப்பைப் பார்த்தாய். இதைப் பார்த்திருக்க மாட்டாய்.

செல்வியைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
வைரக்கண்ணு


அரியலூர்
3-3-2025

அண்ணனுக்கு,

ஊறுகாயை நிறுத்திவிட்டேன். அழுத்தம் குறையவில்லை.

அம்மா சொன்னதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

போன வாரம் சென்னை நிறுவனத்திலிருந்து தமிழ்மாறன் என்று ஒருவர் வந்தார். கோட்டு போட்டிருந்தார், அரியலூர் வெயிலில். "ஒரே க்ளிக் சார், தாத்தா பேர போட்டா பேரன் வரைக்கும் வந்துருவான்" என்றார். வண்டியில் மழைத் தண்ணீர் பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இன்சூரன்ஸ் இருக்கு சார்." காலரா வருஷத்தில் ஒரே பக்கத்தில் அடக்கம் எழுதியிருக்கும் நாற்பத்தேழு பேரில் யாருக்குக் கொடுப்பீர்கள் பணத்தை என்றேன். அவர் ஃபாதரைப் பார்த்துச் சிரித்தார். ஃபாதரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்று வழிகளுக்கும் மதிப்பெண் போட ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறேன். பாதுகாப்பு, செலவு, காலம், தேடும் வசதி, காகிதத்தின் ஆயுள் என்று ஐந்து பத்திகள். முதலில் போட்டபோது உள்ளேயே செய்யும் வழிக்கு நாற்பத்தொன்று, சென்னைக்கு முப்பத்தெட்டு. நியாயமாகத்தான் போட்டேன் என்று நினைத்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு திரும்பப் போட்டேன். சென்னைக்கு நாற்பத்திரண்டு வந்தது. மறுநாள் போட்டால் வேறு ஒன்று. ஒன்பது முறை போட்டிருக்கிறேன் அண்ணே. எந்த எண்ணை நான் யோசித்துப் போட்டேன், எதைக் கோபத்தில் போட்டேன், எதை அம்மாவுக்காகப் போட்டேன் என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. சோறு வைத்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறேன். "அட்டவணையையா திங்கப் போறீங்க?" என்கிறாள் செல்வி.

பிப்ரவரி 24 அன்று உங்கள் அலுவலகக் கடிதம் வந்துவிட்டது. வரவுப் பதிவேட்டில் 61ஆம் எண்ணாகப் பதிந்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஃபாதரிடம் இன்னும் காட்டவில்லை. எப்படியும் இந்த மாதத்துக்குள் பதில் எழுதியாக வேண்டும்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா, இல்லை எழுத விருப்பமில்லையா?

சின்னப்பராஜ்


பெரம்பலூர்
12-3-2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மறக்கவில்லை. நீயே சொல்வாய் என்று பார்த்தேன்.

மொட்டைக் கடிதங்களை முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். குடிக்கிறான், லஞ்சம் வாங்குகிறான், இரண்டு பெண்டாட்டி என்று எழுதுவார்கள். என்னைப் பற்றி வந்ததன் நகலை நவம்பர் 28ஆம் தேதி மேலதிகாரி என்னிடம் காட்டினார். டைப் அடித்திருந்தது. ஒரு பிழை இல்லை. மேலே "பார்வை" என்று தலைப்புப் போட்டு, அதன் கீழ் "ஞானஸ்நானப் பதிவேடு, எட்டாம் தொகுதி, பக்கம் 112, வரிசை எண் 34" என்று இருந்தது. மேலதிகாரி ஆச்சரியப்பட்டார். "இவ்வளவு ஒழுங்கா எவன்யா மொட்டக் கடுதாசி எழுதறான்" என்றார். பொதுவாக இப்படி வருவதைக் குப்பையில் போடுவார்கள். பக்க எண் இருந்ததால்தான் விசாரணைக்கு எடுத்தார்கள்.

உலகத்தில் ஒருத்தனால்தான் பக்க எண் போடாமல் ஒரு பொறாமையைக்கூட எழுத முடியாது.

இதைத் தெரிந்துகொண்டுதான் டிசம்பரில் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். உன் சர்க்கரையை விசாரித்தது வேஷம் இல்லை. அதை மட்டும் நம்பு.

இனி நான் ஒன்றும் கேட்கவில்லை. எந்த வழி சரியோ அதை எழுது. எனக்காக ஒரு தப்பான வழியைத் தேர்ந்தெடுத்தால் அதையும் சேர்த்து என் கணக்கில் நீ எழுதுவாய். அது எனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும். மனம் கொதித்து, "நான்தான் எழுதினேன்" என்று என் அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட்டு எதையும் அனுப்பிவிடாதே. மொட்டைக் கடிதத்துக்குத் தலை முளைத்துவிடும்.

அண்ணன்


அரியலூர்
20-4-2025

அண்ணனுக்கு,

இன்று உயிர்ப்புப் பெருவிழா. பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் உங்களுக்கும் அண்ணிக்கும் சுகம்தானே?

ஆமாம். நான்தான்.

ஆகஸ்டில் எட்டாம் தொகுதியைப் பட்டியலிட எடுத்தபோது உங்கள் பெயரைப் பார்த்தேன். தேடவில்லை, தானாக வந்தது. ஆரோக்கியசாமி. அப்பா பெயர், அம்மா பெயர், கூலி வேலை. இரண்டு மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். அக்டோபரில் கவியாவுக்கு வேலை கிடைத்த செய்தி அனிதா மூலம் வந்தது. என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. அன்று டைப் அடித்தேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வந்தேன். அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

மார்ச் 28 அன்று ஃபாதர் லியோ பிரபுவிடம் போனேன். உங்கள் அலுவலகக் கடிதத்தை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னைவிட இருபது வயது சின்னவர். அந்தக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "பாவசங்கீர்த்தனமா சொல்றீங்களா சார், இல்ல ரிப்போர்ட்டா சொல்றீங்களா?"

பாவமன்னிப்புக்கென்று சொன்னால் அதை வைத்து அவர் எதுவும் செய்ய முடியாது. "ரிப்போர்ட்டுதான் ஃபாதர்" என்றேன்.

"அப்ப நான் நடவடிக்கை எடுக்கணுமே."

"எடுங்க ஃபாதர். அதுக்குத்தான் வந்தேன்."

அட்டவணையைக் கேட்டார். காட்டினேன். ஐந்து பத்திகளையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்து, "யாரு தொறக்கலாம்னு ஒரு பத்தி இல்லையே" என்றார். உண்மைதான். மழை, கரையான், திருட்டு, தீ எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தேன். சாவி வைத்திருப்பவனுக்குப் போடவில்லை. இத்தனை வருஷப் படிப்பில் அது எனக்குத் தோன்றவில்லை.

ஆறாவது பத்தியைச் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்று வழிகளுமே தோற்றன. சென்னைக்குப் போனால் யார் யாரோ திறப்பார்கள். இங்கேயே இருந்தால் நான் திறப்பேன். கடைசியில் அவர்தான் முடிவு செய்தார். புத்தகங்கள் வெளியே போகாது. அறைக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. ஒரு புத்தகத்தை யார், எப்போது, எதற்குத் திறந்தார்கள் என்று கையெழுத்து. நகல், சம்பந்தப்பட்டவர் நேரில் கேட்டால் மட்டும். பொறுப்பு இனி சுகன்யா மேரிக்கு. என்னிடம் மூன்று வருஷம் வேலை கற்ற பெண். நான் பங்கு மாத இதழுக்கு முகவரி ஒட்டுகிறேன்.

உங்கள் அலுவலகத்துக்கு ஃபாதரே பதில் எழுதினார். ஞானஸ்நானப் பக்கத்தின் நகல் அதற்குரியவர் கேட்டால்தான் கொடுக்கப்படும், மற்றவர்களுக்கு அளிக்கும் வழக்கம் இல்லை என்று இரண்டு வரி. அது உங்களுக்காக எழுதியதில்லை. யாருக்கும் அதுதான் இனி விதி. அவர்கள் விடுவார்களா, வேறு வழியில் வருவார்களா, எனக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். என் பழைய கோபம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? செய்தது தவறு என்பது மட்டும் உறுதி.

சின்னப்பராஜ்


அரியலூர்
6-7-2025

அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அண்ணி, கவியா?

பதினோரு வாரம் ஆகிறது. தபால்காரரை இரண்டு முறை நிறுத்திக் கேட்டுவிட்டேன். அனிதாவிடம் கேட்டால், "ஏன் மாமா, ஒங்க அண்ணனுக்கு ஒரு போன் போட ஒங்களுக்குக் கையில்லையா?" என்கிறாள். போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

ஜூன் முப்பது என்ன ஆயிற்று? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

சின்னப்பராஜ்


பெரம்பலூர்
17-8-2025

தம்பிக்கு,

அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

முப்பதாம் தேதி மாலை ஐந்து மணி வரை உத்தரவு வரவில்லை. எது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பியூன் முத்தமிழ்செல்வன் மாலையை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டு மேசைக்கு அடியில் வைத்திருந்தான். ஐந்தேகாலுக்கு ஓய்வு பெற அனுமதித்து உத்தரவு வந்தது. மனு மீது ஆதாரம் இல்லாததால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று ஒரு வரி. நின்றபடியே மாலை போட்டார்கள். கழுத்தெல்லாம் ஈரம்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏதாவது செபம் சொல்லலாம் என்று பார்த்தால் ஒன்றும் முழுதாக வரவில்லை. "பரலோகத்திலிருக்கிற" என்று தொடங்கி நான்காவது வரியில் நின்றுவிட்டேன். அம்மா இருந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பாள். உனக்கு எல்லாம் தெரியும். உன்னிடம் கேட்கலாம் என்று நினைத்து, போனை எடுத்தேன். பிறகு நீ டைப் அடித்த தாள் நினைவுக்கு வந்தது. வைத்துவிட்டேன்.

இந்த ஆறு மாதம் கவியா என்னிடம், "அப்பா, என் வேலையும் போயிருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு யார் எழுதியது என்று தெரியாது. நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அவள் கேட்ட குரலை என்னால் மறக்க முடியவில்லை. உன்னைக் கண்ணால் பார்த்தால் அதைச் சொல்லி அடித்துவிடுவேனோ என்று இருக்கிறது.

உன் வேலை போனது எனக்கு வருத்தம். அதை நீதான் சரியாகச் செய்திருப்பாய்.

தம்பியை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடட்டுமா என்று அண்ணி கேட்டாள். இப்போது வேண்டாம் என்றேன். "அப்பறம் எப்ப?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக வாசற்படியிலேயே நின்றாள். இன்னும் நான் சொல்லவில்லை.

அண்ணன்